சப்பரத்தைக் கண்ட சூரன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடம் ஓடிவிட்டது. முருகன் முன்னால் நடந்த காரியம். சிரிப்பாக எழுதினால் குற்றமாகிவிடுமோ என்ற பயம். போன வாரம் மில்லுக்கு மிளகாய் திரிக்க வந்த ஒருவர், ஆள் யாரென்று தெரியாமல் என்னிடமே இந்தக் கதையைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். இனியும் பொறுப்பதற்கில்லை.

தென்காசியில் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. என் மகள் கோமதி காலேஜ் முடித்ததும், நாடகம் படிக்க வெளியூர் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் வீட்டில் பெரிய முடிவெல்லாம் அண்ணனுடையது. (ரிட்டயர்டு ஏட்டு. சாப்பாட்டு இலை முன்னாலும் அட்டென்ஷனில்தான் உட்காருவார்.)

"நம்ம தெருக் கோயில் வருஷாபிஷேகத்துக்கு ஒரு நாடகம் போடச் சொல்லு. நான் பாக்கேன். நல்லா இருந்தா போகட்டும். இல்லைன்னா அந்தப் பேச்சை விட்டுரணும்" என்றார்.

சூரபத்மன் கதை. சூரனாக நடிக்க வேண்டியவன், சாரல் ஆரம்பித்த சந்தோஷத்தில் குற்றாலத்து அருவியில் பாதி நாள் நின்றுவிட்டு வந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "எப்பா, மீசையும் குரலும் உங்களுக்குத்தான் இருக்கு" என்று கோமதி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பாடம் ஆரம்பமானது. மேடை ஓரம் மறைந்து நிற்கிற இடம் விங். எனக்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி வார்த்தை கியூ; அது காதில் விழுந்ததும் நான் பேச வேண்டும். எங்கே நடந்து எங்கே நிற்பது என்பது பிளாக்கிங். ஃப்ரீஸ் என்றால் அப்படியே சிலை. மில் இரைச்சலுக்கு நடுவே இவற்றைச் சாமி பாட்டு மாதிரி முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன்.

"எல்லாத்தையும் விட முக்கியம், கேரக்டரை விட்டு வெளிய வரக் கூடாது. மேடையில நீங்க எங்கப்பா இல்ல, சூரன்."

"இடி விழுந்தாலுமா, ஏட்டி?"

"இடி விழுந்தாலும்."

இடி விழவில்லை.

வருஷாபிஷேகத்தன்று சாயங்காலம் சிம்மாசனத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். முன்வரிசையில் அண்ணன். விங்கில் கோமதி. கியூ வந்தது. "என்னை விட்டால் தெய்வம் ஏது? இருந்தால் வரச் சொல், பார்ப்போம்!" என்று கர்ஜித்தேன்.

வந்துவிட்டார்.

ஊர் சுற்றப் போன முருகன் சப்பரம், தூறல் வலுத்ததால் குறுக்குத் தெரு வழியாகச் சீக்கிரமே திரும்பி, மேடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. மேளம், கற்பூர வெளிச்சம், மாலைக்கு நடுவே அந்தச் சிரித்த முகம். என் கால் தானாகக் கீழே இறங்கியது. எழுந்து கிரீடத்தைக் கழற்றி வைத்தேன். தோளில் கிடந்த பட்டுத் துண்டை இடுப்பில் கட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா, காப்பாத்துப்பா" என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்தது.

தெருவே சிரித்தது. அப்புறம்தான் விங்கில் மகளின் முகம் கண்ணில் பட்டது. அவள் படிப்புக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேன்.

"ஃப்ரீஸ்!" என்றாள். கும்பிட்ட கையோடு நின்றேன். (அந்த ஒரு பாடத்தைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.) முருகன் வேஷம் போட்டவனை மேடைக்குத் தள்ளிவிட்டு, மைக்கைப் பிடித்தாள். "சூரனைக் கொல்லவா வந்தான் முருகன்? ஆட்கொள்ள வந்தான். இதோ, கும்பிட்டுவிட்டான்!" சண்டைக்கு ஒத்திகை பார்த்த படைவீரர்கள் அட்டை வாளோடு திருதிருவென்று விழிக்க, மேடை முருகன் என் தலையை வேலால் தொட்டான். சப்பரத்து மேளம் நிற்கவே இல்லை. கைதட்டல் அதையும் மிஞ்சியது.

அண்ணன் நேரே மேடைக்குப் பின்னால் வந்தார். கோமதி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏலே, ஒனக்கு நடிப்பு சுத்தமா வராது."

"சரிண்ணே."

"ஒன்னைய வச்சே ஒரு நாடகத்தை முடிச்சுக் காட்டிட்டாளேலே. அவ போகட்டும்."

அவர் இடுப்பிலும் துண்டு இன்னும் அவிழ்க்காமல்தான் இருந்தது.

இப்போது கோமதி வெளியூரில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். போனில் அவளிடம் எதற்காவது முறுக்கிக்கொண்டு, பிறகு நான் இறங்கி வந்தால் போதும், என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்தே சத்தம் கொடுப்பாள்: "ஏட்டி, சூரன் துண்டை இடுப்புல கட்டிட்டாரு!"

இதை நாலு பேரிடம் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வேட்டி அவிழ்ந்ததாக அந்த மிளகாய்க்காரர் சொன்னது மட்டும் நடக்கவே இல்லை. எதிரே நின்ற முருகன் சாட்சி.