பூட்டு சாரின் சாவி

டெல்லியில் ஒரு சீலிங் ஃபேனைக்கூட நிம்மதியாக ரிப்பேர் பார்க்க விடாத ஒரே ஜீவன் எங்கள் பூட்டு சார்தான். எழுபதுகளின் கடைசி. சுரங்கங்களுக்குப் பாதுகாப்பு விதி எழுதும் ஆபீசில் அவர் இன்ஜினியர், நான் டைப்பிஸ்ட். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எங்கே எது ரிப்பேர் என்றாலும் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பார், பூட்டுப் போடுவார், ஒரே சாவியை வேலை செய்கிறவன் கையில் கொடுத்துவிடுவார். கரோல் பாக்கில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸின் கிரைண்டருக்கும் இதே மரியாதை. ரிப்பேர்க்காரன் சாவியோடு சாமான் வாங்கப் போனவன் சாயங்காலம்தான் வந்தான். மே மாத வெயிலில் ஃபேனும் இல்லாமல், இட்லியும் இல்லாமல், அத்தனை பேரும் அவரை வாயாரத் திட்டினோம். அவர் ரொட்டியில் மிளகாய்ப்பொடி தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு போர்டு மாட்டினாப் போதாதா சார்?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"மாட்டினேனேப்பா. முன்னே சுரங்கத்துல வேலை பார்த்தப்போ கன்வேயர் பெல்ட்டை நிறுத்திட்டு, ஆள் வேலை செய்யறான்னு போர்டு மாட்டினேன். ஷிஃப்ட் மாறி வந்தவன் அதைக் கழட்டி வச்சுட்டு சுவிட்சைப் போட்டுட்டான். உள்ளே என் ஃபிட்டர் இருந்தான்."

மிளகாய்ப்பொடி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

சுரங்கத்தில் மெஷினுக்குள் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு பூட்டு, சாவி அவனிடமே. இதுதான் அவர் எழுதிய விதி. 'வேலை தாமதமாகும்' என்று எழுதி டைரக்டர் ஃபைலைத் திருப்பி அனுப்புவார். இவர் விடாமல் மறுபடி அனுப்புவார். மூன்று வருஷத்தில் அதைப் பதினோரு தடவை டைப் அடித்து என் விரல்தான் தேய்ந்தது.

ஒரு நாள் ஆபீஸ் லிஃப்ட் மக்கர் செய்தது. மெக்கானிக் அடிக்குழிக்குள் இறங்கினான். சார் வழக்கம்போல் பூட்டிவிட்டு, சாவியை அவன் சட்டைப்பையில் போட்டார். அந்த நேரம் பார்த்து ஆறாவது மாடி டைரக்டரை மந்திரி கூப்பிட்டுவிட்டார்.

"ஜல்தி போய் லிஃப்டைப் போடு" என்று டைரக்டர் பியூனை விரட்டினார்.

"பூட்டியிருக்கு சாப்."

"உடை."

பியூன் சுத்தியலால் விளாசினான். கெட்டிக்குப் பேர்போன அலிகர் பூட்டு நசுங்கியதே தவிர திறக்கவில்லை. டைரக்டர் கோட்டு சூட்டோடு ஆறு மாடியும் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"உன்னை அந்தமானுக்கு மாத்தறேன்யா" என்று சாரைப் பார்த்துக் கத்தினார்.

காலடியில் குழியிலிருந்து கிரீஸ் பூசிய தலை ஒன்று எழும்பியது. "நமஸ்தே சாப். பாஞ்ச் மினிட்" என்றது, இன்னும் ஐந்தே நிமிஷம்தான் என்பதுபோல் விரல்களை விரித்துக் காட்டி. அதற்கு நேர் மேலே லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. டைரக்டர் அதைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், பியூன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். மந்திரியை மறந்து மறுபடி ஆறு மாடி ஏறி, ஃபைலை வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பூட்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, என் பூட்டை நசுக்கினது யாரு?" என்றார்.

பிற்பாடு சார் எனக்கே கொடுத்துவிட்ட அந்த நசுங்கின பூட்டு இப்போது மயூர் விஹாரில் என் வீட்டில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்தால் மெயினைப் பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன். "அந்த மனுஷன் கிறுக்கு உங்களுக்கும் ஒட்டிண்டுடுத்து" என்கிறாள் மனைவி. ஒட்டிக்கொண்டது போகாமல் இருக்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை.