போடி வரை வந்தும் உங்கள் வீட்டுக்கு வராததன் காரணம்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பிச்சைமணி அவர்களுக்கு,

சங்கிலிப்பாண்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. தேனியில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாயிருக்க வேண்டும். இங்கே எனக்கு முட்டிவலி, மகன் பினுவுக்கு வண்டிப் பட்டறையில் ஓயாத வேலை, மருமகள் அம்பிளிக்கு மாமனார் என்கிற தொந்தரவு. மற்றபடி எல்லோரும் சுகமே.

நேற்று போனில் நீங்கள், "போடி வரைக்கும் வந்தவனுக்குத் தேனி எட்டாத தூரமாக்கும்? கண்ணு போற தங்கச்சிய ஒரு எட்டு கொண்டாந்து காட்டாமத் திரும்பிட்டியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் மனுசன்தான் மச்சான். போனில் சொன்னால் நடுவில் கத்துவீர்கள். கடிதம் என்றால் கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷு முடிந்த வாரம் கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருளாயிக்குச் சக்கரை கண்ணைத் தின்றுவிட்டது, ஆறு மாசம் தாங்கினால் பெரிது, காட்ட வேண்டியதை எல்லாம் காட்டிவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து, "உனக்கு என்ன பாக்கணும், சொல்லு" என்றேன். உங்கள் தங்கை யோசிக்கவே இல்லை. "நாப்பது வருசமா சாயா குடிக்கேன், தேயிலைச் செடி எப்படி இருக்கும்னு கண்டதில்ல. மூணாறு மலையப் பாக்கணும்" என்றாள். தேனிக்கும் கொச்சிக்கும் எத்தனை தடவை மலை ஏறி இறங்கியிருக்கிறாள்! அத்தனை தடவையும் வாந்திக்குப் பயந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே வந்த மகராசி அவள். பஸ்ஸில் கூட்டிப்போனால் அதே கதைதான். அதுவுமில்லாமல் சக்கரைக்காரிக்கு அரை மணிக்கொரு தடவை இறங்க வேண்டும். அப்போது பினு சொன்னான், "அப்பா, இப்ப எல்லாரும் வண்டிக்குள்ளேயே வீடு கட்டிப் போறாங்க. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே." கார்ப்பரேஷனில் முப்பது வருஷம் சாக்கடை லாரி ஓட்டிய எனக்கு இது முன்னாலேயே தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் கிடைத்தது. அதை வாங்கினேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. என்ஜினைப் பார்த்தேன், டயரைத் தட்டினேன், அது இத்தனை நாள் யாரைச் சுமந்தது என்று மட்டும் நினைக்கவில்லை. பினு அதன்மேல் கிரீம் கலர் அடித்தான். இடவப்பாதிப் பருவமழை ரெண்டு நாள் அடித்ததும் அடியில் இருந்த 'ஆம்புலன்ஸ்' என்ற சிவப்பு எழுத்து மறுபடி எட்டிப் பார்த்தது. முதல்முறை ஓட்டிப் பார்க்க வைட்டிலா பக்கம் போனேன். மொத்த சிக்னலும் எனக்கு வழி விட்டது. போலீஸ்காரர் ஓடி வந்து நாலு பஸ்ஸை நிறுத்தி, "போ சேட்டா, வேகம் போ!" என்று கையை வீசினார். பின்னால் ஒரு குக்கரும் ரெண்டு தலையணையும் மட்டும் இருந்தன. வெட்கத்தில் நானும் வேகமாகவே போனேன்.

ஓணத்துக்கு முன்னாலேயே வண்டி தயார். அம்பிளி பூப்போட்ட திரை தைத்தாள், இருளாயிக்கென்று இலவம்பஞ்சு மெத்தை போட்டோம். புறப்பட இருந்த அன்றைக்குக் காலையில் வெங்கிடராமன் செத்துப்போனார். இஞ்சிக் கிடங்கில் கணக்கெழுதியவர், நல்ல மனிதர். அவர் பிள்ளை வாசலில் வந்து, "சேட்டா, ஒரு சகாயம்..." என்றான். எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும்: சாவு வீட்டிலிருந்து வந்து கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, பாய் கேட்டால் பாய், குடம் கேட்டால் குடம். வண்டி கேட்டால்? நான் மட்டும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இருளாயிக்குப் போட்ட மெத்தையில் முதலில் வெங்கிடராமன்தான் படுத்தார்.

பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெத்தையை மாற்றி, நல்ல நாள் பார்த்தோம். அந்த நாளில் மூணாவது வீட்டுக் கிழவி போனாள். மறுபடி கழுவல். பக்கத்து வீட்டு ராமர் அண்ணன் மூணு மாசமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறாரா, அவர் மகன் தினமும் வந்து, "சேட்டா, அடுத்த ஆழ்ச்சை வண்டி இவிடெ உண்டோ?" என்று, அடுத்த வாரம் வண்டி இங்கே இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவான். ராமர் அண்ணனே ஜன்னல் வழியாக, "பாண்டி, எனக்காக நீ காத்திருக்காத, போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் இன்னும் இருக்கிறார். காத்திருந்தது நான்தான். டாக்டர் சொன்ன ஆறு மாசத்தில் அஞ்சு மாசம் இப்படியே போயிற்று. ராத்திரி தூக்கமில்லை மச்சான், என் பெண்டாட்டியின் கண்ணை ஊர்ப் பிணமெல்லாம் பங்கு போட்டுத் தின்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை எது வந்தாலும் கிளம்புவது என்று புளிச்சோறு கட்டி, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருகினேன். பாக்கியலக்ஷ்மி முன்னால் வந்து நின்றாள். கொத்தனார் பெண்டாட்டி, போடிக்காரி. பஜாரில் பழைய கிடங்கை இடிக்கும்போது அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் முடிந்துபோனான். "அண்ணே, ஊர் மண்ணுல கொண்டு சேத்துருங்கண்ணே" என்றாள். அழக்கூட இல்லை. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உங்கள் தங்கை, "ஏங்க, போடிக்கு மூணாறு வழியாத்தானே போகணும்? அப்புறம் என்ன யோசனை, ஏறச் சொல்லுங்க" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் உல்லாசப் பயணம் போனோம். பின்னால் கொத்தனார், காலடியில் பாக்கியலக்ஷ்மி, முன்னால் நாங்கள் ரெண்டு பேர். நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் நான், "இடப்பக்கம் பாரு, அருவி விழுது" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "எம்புட்டு உயரம்?" என்று கேட்டாள், சொன்னேன். "மேகம் எங்க நிக்கிது?" என்றாள், சொன்னேன். எலுமிச்சம்பழம் கேட்கவில்லை, வாந்தி இல்லை, கண்ணை ஒரு தடவை கூட மூடவில்லை. மூணாறு தாண்டி ஓரமாக நிறுத்தி, ஒரு கொழுந்தைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதையா நாப்பது வருசமாக் கொதிக்க வச்சேன்" என்று சிரித்தாள். பின்னால் பாக்கியலக்ஷ்மி இருந்ததால் சத்தமில்லாமல் சிரித்தாள். எனக்கு அது போதும் மச்சான். பார்த்துவிட்டாள்.

போடியில் காரியம் முடிந்தது. சுடுகாட்டுத் தீட்டோடு, பிணம் இறக்கிய வண்டியை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை; மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற வீடு. பாக்கியலக்ஷ்மி புருஷனைக் கொடுத்துவிட்டு நின்ற நிலைதான் என் கண்ணிலேயே நின்றது. திரும்பும் வழியெல்லாம் வாயைத் திறக்காமல் ஓட்டி வந்து சேர்ந்தேன். இதுதான் நடந்தது. திட்டுவதானால் இனி திட்டுங்கள்.

ஒரே ஒரு உபகாரம். இந்த வண்டியின் வேலை முடிந்தது. தேனிப் பக்கம் யாராவது நல்ல ஆளாகப் பார்த்து இதை விற்றுக் கொடுங்கள். கொச்சியில் விற்றால் ராமர் அண்ணன் வீட்டார்தான் வாங்குவார்கள்.

பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. வீரபாண்டி மாரி எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவி,
சங்கிலிப்பாண்டி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் இதை இருளாயிக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். நான் மலையப் பாத்தேன்னு மட்டும் அண்ணனுக்கு எழுதாதீங்க. பொய்யாயிரும்" என்றாள். ஓணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். அம்பிளிக்கு மட்டும் தெரியும். ஏன் மறைத்தாய் என்று இருளாயியைக் கேட்டால், "நீங்க பாவம், ராப்பகலா வண்டியில ஆணி அடிச்சிட்டுக் கெடந்தீங்க, எப்படிச் சொல்ல?" என்கிறாள். பிறகு அவளே சொன்னாள்: "போறப்ப நீங்க சொல்லச் சொல்லப் பாத்துக்கிட்டே வந்தேன். வர்றப்ப நீங்க வாயே தொறக்கல. அந்த வழிய நான் இன்னும் பாக்கல." வண்டிக்கு ஆள் தேட வேண்டாம், மச்சான்.