ஆடியிலும் திறந்திருந்த பூக்கடை

திண்டுக்கல் மாவட்டத்தில் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் தெளித்த ஒரே மனுஷி கதம்பம்தான். அவள் எனக்கு ஹாஸ்டலில் அறைத்தோழியாக வாய்த்தது என் ஜாதகக் கோளாறு.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்கள் கல்லூரி வத்தலக்குண்டு சாலையில், ஊரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் சேர்ந்த வருடம் அங்கே இரண்டு புதுப் படிப்புகளைத் தொடங்கினார்கள். பகலில் கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் பட்டப்படிப்பு, சாயங்காலம் மலர் அலங்கார டிப்ளமோ. இரண்டுக்கும் ஏ.சி. வேண்டும். கல்லூரியில் இருந்ததோ ஒரே ஒரு ஏ.சி. அறை. ஆகவே நாங்கள் மேஜைக்கு மேலே எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருப்போம், மேஜைக்குக் கீழே ரோஜா வாளிகள் இருக்கும்.

கதம்பத்துக்கு நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கித் தோட்டம். சேர்க்கை நாளன்று அவளுடைய அப்பா முதல்வரிடம் கேட்டாராம். "ஒரே ரூம்புலதான சார் ரெண்டும் நடக்குது? சாயங்காலமானா பிள்ளைய எதுக்கு எந்திரிக்கச் சொல்றீங்க? அப்படியே உக்காந்துக்கிறட்டும்." முதல்வருக்கு டிப்ளமோவில் ஆள் சேர்ந்தால் போதும். இப்படித்தான் இரண்டு படிப்பும் படித்த ஒரே ஆளாக அவள் ஆனாள். பல பூக்களைக் கலந்து கட்டினால் கதம்பம். நாங்கள் பெயர் வைக்கப் பெரிதாக யோசிக்கவில்லை.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் அளவுதான் தெரியும். முழம். "எம்புட்டு கோடிங் எழுதியிருக்க?" என்று கேட்டால், முழங்கையைத் திரையின் அடியில் ஊன்றி, விரல் நுனி வரைக்கும் அளந்து, மேலே உருட்டி, மறுபடி அளந்து, "மூணே கால் முழம் புள்ள. இன்னும் ஒரு முழம் கெடக்கு" என்பாள். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது செமஸ்டரில் பேராசிரியர் என்னிடம் எவ்வளவு முடிந்தது என்று கேட்டபோது, "அரை முழம் பாக்கிங்க சார்" என்று என் வாயே சொல்லிவிட்டது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை மாதத்தில் ஒருநாள் ஏ.சி. மக்கர் செய்தது. கதம்பம் பக்கத்து கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தாள். "கொதிக்குதுடி. வாடிரும்" என்று வாளியில் கையை விட்டு நாலு துளி தெளித்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். லேப் உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க?" என்று அவர் அலற, இவள், "பூவுக்குத் தெளிக்கிற அளவுதான் சார் தெளிச்சேன்" என்றாள். மறுநாள் போய் அந்தப் பெட்டியின் மேல் ஒரு ரோஜாவை வைத்துவிட்டும் வந்தாள்.

துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்று செய்யச் சொன்னார்கள். எல்லோரும் செய்தோம். கதம்பத்தின் கேமில் முதல் எதிரி விழுந்ததும் திரை அப்படியே உறைந்து நின்றது. என்ன கோளாறு என்று பேராசிரியர் உள்ளே போய்ப் பார்த்தார். விழுந்த எதிரியின் கழுத்தில் ஒரு மாலை இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சம்பங்கிப் பூவையும் தனித்தனியாக வரைந்து, தனித்தனியாகக் கோத்திருந்தாள். மிஷின் பாவம், மூச்சு வாங்கியது.

"இது எதுக்கும்மா?"

"செத்தவனுக்கு ஒரு மால போட வேணாமா சார்? நம்மதான சுட்டோம்?"

மலர் அலங்கார வகுப்பிலும் அவள் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் படித்துவிட்டு வந்த மேடம் ஒருவர், அகலமான கண்ணாடி ஜாடியில் மூன்றே மூன்று பூவைச் செருகி, "மிச்ச இடத்தை வெறுமையா விடணும். அந்த வெறுமைதான் அழகு" என்று விளக்கினார். கதம்பம் எழுந்து நின்றாள். "மேடம், இத எங்கூர்ல கல்யாண மேடைல வெச்சா, பூக்காரன் இன்னும் வரலன்னு பொண்ணு வீட்டுக்காரக தேடிப் போவாக." அன்று அவள் செய்து வைத்த ஜாடியில் நூற்றுச் சொச்சம் பூ. ஜாடி எங்கே என்று மேடம் தேட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் வேடிக்கை பார்க்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என்னோடு கதம்பம். கோயம்புத்தூரில் ஒரு கேம் கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ப்ராஜெக்ட்டில் தேறி, பட்டம் கையில் இருந்தால்தான் வேலை. எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நான் யாருக்கும் தெரியாமல் துறைத் தலைவரிடம் போய், ஜோடியை மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "வேற யாரும்மா அவளோட சேருவாங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு வழியில்லை, ஆரம்பித்தோம். கேமில் ஒரு பூக்கடை. விளையாடுகிறவர்தான் கடைக்காரர். வாடிக்கையாளர் வந்து கேட்கிற பூவை விரல் வேகத்தில் கட்டித் தர வேண்டும். முடிச்சு தளர்ந்தால் பூ உதிரும், தாமதித்தால் வாடும். கடையும் தெருவும் பூவும் நான் வரைந்தேன். "மனுஷங்கள நான் பாத்துக்கிறேன்" என்றாள் கதம்பம். பார்த்துக்கொண்டாள். பஞ்சாங்கத்தை வாங்கி வைத்து, முழுசாகக் கேமுக்குள் ஏற்றிவிட்டாள். கேம் கம்ப்யூட்டரின் தேதியைப் பார்க்கும். முகூர்த்த நாள் என்றால் கடையில் கூட்டம் அள்ளும். வைகாசியில் சோதித்துப் பார்த்தோம், மாலை கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்க முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அருமையான கேம். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேர்முகத் தேர்வும் அந்த வைகாசியில்தான் நடந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வர வேண்டிய தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டார்கள். தள்ளித் தள்ளி ஒரு புதன்கிழமைக்கு வந்து நின்றது. அன்று காலை லேபில் கேமைத் திறந்தேன். கடை இருக்கிறது, பூ இருக்கிறது, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஏம்புள்ள, ஆளையே காணோம்?"

கதம்பம் சாவகாசமாகப் பார்த்தாள். "ஆடிடி. ஆடில எவன் கல்யாணம் வெப்பான்? வெள்ளிக்கிழமன்னாலும் அம்மன் கோயிலுக்குக் கேப்பாக. இன்னைக்குப் புதன். அதுலயும் அஷ்டமி."

நான் மவுஸை அவள் பக்கம் தள்ளினேன். "சரி, தேதிய வைகாசிக்கு மாத்து. ரெண்டு நிமிச வேல."

"ஆடி மாசத்துல போய் கல்யாணம் பண்ணி வெக்கச் சொல்றியா? நல்லாருக்கே! நான் மாட்டேன்."

"அடிப்பாவி, என் வேல போயிரும்டி!"

"செத்த நேரம் பொறு புள்ள" என்று சொல்லிவிட்டு அவள் தலையைப் பின்ன ஆரம்பித்தாள். நானே மாற்றிவிடலாம் என்று நாற்காலியை இழுத்தேன். அதற்குள் தேர்வாளர் உள்ளே வந்துவிட்டார்.

உட்கார்ந்தார். கேமைத் திறந்தார். காத்திருந்தார்.

"என்னம்மா, கடை திறந்திருக்கு, யாரும் வரலையே?"

"ஆடி சார்" என்றாள் கதம்பம்.

"அப்ப எப்ப வருவாங்க?"

"ஆவணில மொத முகூர்த்தத்துக்கு வந்துருவாக சார்."

"அதுவரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கணுமா?"

நான் பழனியாண்டவரைக் கூப்பிட்டேன். கேமில் ஒரு நாள் என்பது பத்து நிமிடம். ஏழு நிமிடம் போய்விட்டது. தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார். என்ன எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். கோயம்புத்தூர் என் கண்ணெதிரே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

திரையில் சாயங்காலம் ஆனது. தெருமுனையில் ஒருத்தி வந்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி, ஒரு பக்கம் சாய்ந்த தோள் பை, வாரிக்கொள்ளாத தலை. கடை முன்னால் நின்று, தயங்கி, "ஏனுங்க, ஒரு முழம் மல்லி கிடைக்குங்களா?" என்றாள்.

தேர்வாளர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பூக்கட்ட உட்கார்ந்தார். முதல் தடவை எல்லாம் உதிர்ந்தது. இரண்டாம் தடவையும் உதிர்ந்தது. "இருங்க, இருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். நாலாவது தடவை முழம் முடிந்தது. அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். "அவ்வளவுதானா? இன்னொருத்தர் வரமாட்டாங்களா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

தேறிவிட்டோம்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, என்னைய எதுக்குக் கேமுக்குள்ள வெச்ச?"

"மொத வருசம் ஆடில வெல இல்லாத மல்லிய ஒரு பை நெறய கொண்டாந்தேன்ல? கேம் படிக்க வந்துட்டு எவ பூ வெப்பான்னு எல்லாவளும் சிரிச்சாளுக. நீ ஒருத்திதான் வாங்கிக்கிட்ட. அதான், யாருமே வராத அன்னைக்கு அந்தப் புள்ள வரும்னு எழுதிட்டேன்."

எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் அன்று வாங்கினேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடிதத்தைச் சொல்லிவிட்டேன். "உன்னைய மாத்தச் சொல்லி நான் லெட்டர் குடுத்தேன்டி."

"தெரியும். ரூம்புலதான கெடந்துச்சு, நாலு நாளு."

"தெரிஞ்சுமா அவளக் கேம்ல வெச்ச?"

"லெட்டர் குடுத்தது நீ. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு, பாவம்?"

இப்போது கதம்பம் திண்டுக்கல்லில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறாள். முழு மண்டபத்தையும் கேம் மாதிரி செய்து, பெண் வீட்டாரைக் கைப்பேசியிலேயே மேடை வரைக்கும் நடக்க வைக்கிறாள். ஆவணி, தையில் அவளைப் பிடிக்கவே முடியாது. நான் கோயம்புத்தூரில் ஏ.சி.யில் உட்கார்ந்து எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் மாலை போடுவதில்லை. அவளை விட்டு ஓடப் பார்த்தேனே என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வருடா வருடம் புதுப் பஞ்சாங்கத்தை ஏற்றி அந்தக் கேமை எனக்கு அனுப்பிவிடுகிறாள். ஆடி பிறந்தால் அவளுக்கு வேலை இல்லை. சாயங்காலம் போன் வரும். ஹலோ கூடச் சொல்ல மாட்டாள்.

"ஏ புள்ள, இன்னைக்குக் கடைக்கு வந்தியா?"

"வந்தேன்டி" என்பேன்.