லாயத்தடிக்கும் பூவரசங்கொல்லைக்கும் நடுவே ஒரு சந்து

புதுக்கோட்டை,
12-2-1955

மாமா ஆண்டிச்சாமி அவர்களுக்கு மருமகன் நாகராசு கும்பிட்டு எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால், நலம். அத்தைக்கும் மாடு கன்றுகளுக்கும் சுகம்தானே?

மூன்று கடிதமாகத் தாங்கள் சொல்லிவந்தபடியே நகரசபை வேலையை விட்டுவிட்டுப் பொன்னமராவதிக்கே வந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். ரைஸ்மில்லில் இஞ்சின் பார்க்க ஆள் வேண்டும் என்றீர்கள், பார்க்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வண்டி அனுப்புங்கள். சாமான் அதிகமில்லை. கட்டில் ஒன்று, டிரங்குப் பெட்டி இரண்டு, வரைபலகை, செவந்தி கல்யாணமாகி வரும்போது அத்தை உறைமோர் ஊற்றிக் கொடுத்தனுப்பிய சட்டி. அந்த மோரை அவள் ஒரு நாள்கூட விடாமல் உறை ஊற்றி வந்தாள். அவள் போய் அஞ்சு மாசமாச்சு, யாரும் ஊற்றவில்லை, காய்ந்துவிட்டது. சட்டியை இன்னும் கழுவவில்லை.

ஏன் திடீரென்று இந்த முடிவு என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு மேப்பால் வந்தது. நாங்கள் குடியிருக்கும் இடம் தாங்கள் பார்த்ததுதான். வாய்க்காலுக்கு இங்கிட்டு லாயத்தடி, ராஜா காலத்தில் குதிரை கட்டின இடம். அங்கிட்டு பூவரசங்கொல்லை, கோயிலுக்குப் பூ போன தோட்டம். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சேர்ந்த பிறகு இரண்டும் வீட்டுமனையாகிவிட்டன. குதிரையும் போயிற்று, பூவும் போயிற்று, பெருமை மட்டும் போகமாட்டேன் என்கிறது. லாயத்தடி சேவுகனின் அப்பா ராஜா குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவர். கொல்லையில் இருக்கும் மருதாயியின் மாமியார் கோயிலுக்கு மாலை கட்டினவர். இந்த இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பேசாததற்குக் காரணமான பேச்சு இது:

"எங்க குதிரை லத்தியிலதானே ஒங்க பூவே பூத்துச்சு?"

"ஒங்க குதிரை தின்ன புல்லு எங்க வரப்புல மொளைச்சது. அத மறந்துட்டுப் பேசாதீக."

இந்த இரண்டு பகுதிக்கும் சந்து, வீதி, கிணறு எல்லாம் குறித்து மேப் போடும் வேலை போன வருஷம் என்னிடம் வந்தது. செயின் பிடித்து அளந்துவிட்டேன், சந்துகளுக்குப் பெயர்தான் கிடைக்கவில்லை. நான் யாரிடமும் போய்ப் பேசுகிற ஆளில்லை என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, இது என்ன சந்து, இது என்ன முக்கு என்று செவந்தியைக் கேட்பேன். அவள் இரண்டு பக்கமும் தண்ணீர் எடுக்கப் போகிறவள். கீரையை ஆய்ந்துகொண்டே சொல்வாள், நான் பென்சிலால் லேசாக எழுதிக்கொள்வேன், அப்புறம் அழித்துவிட்டு முறையான பெயர் எழுதலாம் என்று. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காரியம் முடிந்து ஆபீஸ் போனதும் அந்தத் தாளின் மேல் டிரேசிங் துணியைப் போட்டு மை ஏற்றினேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை மாமா, பென்சில் போன வழியே கை போனது. பதினாலு பிரிண்ட் எடுத்து, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் ஊரே கூடி நின்று படிக்கிறது: சேவுகன் தும்மல் சந்து. மருதாயி சேவல் தொரத்துற முக்கு. குடைய விரிக்காத வாத்தியார் வீதி. சைக்கிள எறங்கித் தள்ளுற மேடு.

உதைக்க வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை, நாற்பத்தோரு ஆட்சேபணை வந்தது. சேவுகன் தும்முவது பொய் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் அவர் தும்முகிற ஏழு தும்மலும் வாய்க்கால் தாண்டிக் கேட்பதால், சந்தை அதுவரை நீட்ட வேண்டும் என்கிறார். எதிராளி தும்மல் எங்க எல்லைக்குள்ள வரப்படாது, சேவல் முக்கை வேணும்னா நீட்டிக்கங்க என்று மருதாயி மனு கொடுக்கிறது. இஞ்சினீயர் என்னையே போய்ப் பார்த்துவரச் சொன்னார். விடியக்காலம் செயினோட போயி நின்னேன் மாமா. தும்மல் வாய்க்காலத் தாண்டி முப்பத்தாறு அடி கேக்குது. நோட்டுல குறிச்சுக்கிட்டேன்.

கடைசியில் இஞ்சினீயர், டவுனுக்குள்ளே இருக்கிற மாதிரி ஒண்ணாம் வீதி ரெண்டாம் வீதி என்று நம்பர் போட்டுக் கொடு, இதையெல்லாம் சுரண்டு என்று சொல்லிவிட்டார். டிரேசிங் துணியில் ஏறிய மையைப் பிளேடால்தான் சுரண்ட வேண்டும். நேற்றுப் பூரா பிளேடும் கையுமா ஒக்காந்திருந்தேன். அப்பத்தான் மொத மொதல்ல ஒவ்வொண்ணாப் படிச்சேன். அவ கொரல் அப்பிடியே கேக்குது. ஒரு எழுத்துகூட என்னால சொரண்ட முடியல. வேற யாராவது சொரண்டட்டும், நான் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் வண்டி கேக்குறேன். தட்டாமல் அனுப்பவும்.

அத்தையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். தங்கள் கால்வலிக்கும் கன்றுக்குட்டியின் கழிச்சலுக்கும் விரைவில் குணம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்
நாகராசு

பி.கு. (16-2-1955): கடிதம் நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. திங்கட்கிழமை, நம்பர் போடப்போகிற சேதி கேள்விப்பட்டு, சேவுகனும் மருதாயியும் ஒன்றாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். ஆட்சேபணை எல்லாம் வாபஸ், நம்பர் வேண்டாம் என்று இரண்டு பகுதி ஆட்களும் கைநாட்டு வைத்த தாள் மருதாயி கையில் இருந்தது. என்னைப் பார்த்து, "இது அந்தப் புள்ள வாயில வர்ற பேச்சு. நீங்க என்னைக்கு இம்புட்டுப் பேசியிருக்கீக?" என்றது. இஞ்சினீயரும், கெடந்துட்டுப் போகட்டும் போ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் ஒரு குறை சொன்னார்கள். எங்கள் வீடு இருக்கும் சந்துக்கு மட்டும் மேப்பில் பெயர் இல்லை. நம்ம சந்துக்கு நம்மளே பேரு வைக்கக் கூடாதுன்னு செவந்தி விட்டுட்டா. அவர்களே வைத்துவிட்டார்கள், நானே மை ஏற்றினேன்: தண்ணி கேட்டா மோர் குடுக்குற சந்து.

நேற்று, புதிதாக ஒட்டிய மேப்பைப் படித்துவிட்டு யாரோ ஒரு வெளியூர்க்காரர் வந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நகராமல் நின்றார்.

வண்டி அனுப்ப வேண்டாம். சட்டியைக் கழுவிவிட்டேன். பஸ்ஸில் யாராவது வந்தால் அத்தையிடம் கொஞ்சம் உறைமோர் வாங்கிக் கொடுத்தனுப்பவும்.