பொத்தான் கள்ளியும் மூத்த மாப்பிள்ளையும்

அழகுபாண்டி சபதம் போட்டுவிட்டான். இனி மாமனார் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை. மிதித்தால் மீசையை எடுத்துவிடுவது.

காரணம் சின்னதல்ல. பொங்கல் கழிந்து நடந்த கிடா விருந்தில், மூத்த மாப்பிள்ளையான அவனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இளைய மாப்பிள்ளை சிவக்குமாரோ முதல் பந்தியில், அதுவும் ஃபேனுக்கு நேர் கீழே, நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இரண்டாம் பந்திக்கு வந்து சேர்ந்தது குழம்பும் கொஞ்சம் அனுதாபமும்தான். அன்று பிடித்த நெஞ்செரிச்சல் எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

இப்போது மனைவி ரோகிணியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குத்துவது அழகர்கோவிலில், கறிச்சோறு செக்கானூரணியில், மாமனார் வீட்டில். சபதத்தை அவளிடம் சொல்லும் தைரியம் அழகுபாண்டிக்கு உண்டு. சொன்ன பிறகு அதே வீட்டில் குடியிருக்கும் தைரியம்தான் இல்லை. ஆகவே கௌரவமான காரணம் ஒன்று வேண்டியிருந்தது. அது ஒத்தக்கடையில் அவன் வீட்டு ஜன்னலில், அகல்விளக்கைவிடக் கொஞ்சம் பெரிய மண்தொட்டியில் உட்கார்ந்திருந்தது.

கள்ளி. மெக்சிகோ பாலைவனத்துக் கள்ளி. முழுதாக வளர்ந்தும் சட்டைப் பொத்தான் அளவுதான். பசுமலையில் கள்ளி வளர்க்கும் ஒரு பேராசிரியர் பின்னால் நாயாக அலைந்து வாங்கியது. அதற்காக ஆற்று மணலைச் சலித்து, செங்கல்லை மிளகளவுக்கு உடைத்து, அடுப்புக்கரி சேர்த்து, மட்கிய எரு ஒரு சிட்டிகை போட்டு மெத்தை செய்திருந்தான். காலை வெயில் வேண்டும். உச்சி வெயில் ஆகாது. ஊதுபத்திக் குச்சியை மண்ணில் செருகி எடுத்து, துளி ஈரமும் ஒட்டவில்லை என்றால்தான் தண்ணீர். அதுவும் மருந்து ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக. ரோகிணிக்கு இதுவரை ஒரு காபி போட்டுக் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம விசேசத்துக்கு எந்தச் சட்ட போடுறீங்க?"

"நான் வரல."

"ஏனாம்?"

"செடிய யாரு பாத்துக்குறது?"

ரோகிணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"அது பாலைவனத்துச் செடிதான? மாசக்கணக்குல தண்ணி இல்லாமக் கெடக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"கெடக்கும்."

"அப்புறம் ஒரு நாளைக்கு என்னவாம்?"

"யாரும் தண்ணி ஊத்தாமப் பாத்துக்கணும்ல? அதுக்கு ஆள் வேணும்."

"தண்ணி ஊத்தாம இருக்குறதுக்கு ஒரு ஆளா?"

"பின்ன? மொதச் செடி எப்படிச் செத்துச்சு? பக்கத்து வீட்டு ஸ்யாமளாக்கா, 'பாவம், காஞ்சு கெடக்கே'ன்னு அரிசி களஞ்ச தண்ணிய ஒரு சொம்பு ஊத்திட்டுப் போயிட்டாங்க. அம்புட்டுத்தான், அழுகிப் போச்சு. நம்ம ஊரு சனத்துக்குக் காஞ்சதக் கண்டா கை சும்மா இருக்காது."

"அப்ப கையோட தூக்கிட்டு வாங்க."

"பஸ்ஸு குலுக்குற குலுக்குல வேர் அந்துரும்."

"பொட்டியில வச்சு..."

"வெயில் வேணும்."

"மடியில வச்சு..."

"முள்ளு."

"முடிவா என்னதான் சொல்றீங்க?"

"ஒங்கப்பாவே வந்து கூப்பிட்டாலும் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்!"

இப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பதே அழகுபாண்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்க நன்றாக இருந்ததால் இன்னொரு தரமும் சொன்னான்.

ரோகிணி வெங்காயத் தட்டை ஒதுக்கி வைத்தாள். "சரிங்க. நீங்க எங்கயும் வர வேணாம்" என்றாள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே அவள் அழகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள். அழகுபாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டியைக் காலை வெயிலுக்காக வாசல் திண்டில் வைத்தான். "பாத்தியா? ஆம்பளன்னா இப்படித்தான் நிக்கணும்" என்று கள்ளியிடம் சொன்னான். அந்த வீட்டில் அவனை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான்.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமனார் இறங்கினார். மாமியார் இறங்கினார். புதுத் தோட்டோடு அழுதுகொண்டு குழந்தை இறங்கியது. சிவக்குமார் இறங்கினான். சாதி சனம் மொத்தமும் இறங்கியது. பின்னாலேயே ஒரு குட்டி யானை வண்டியில் கறிக்குழம்பு அண்டா வந்தது.

மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, செடிய விட்டு நகர முடியாம நீங்க அல்லாடுறதா ரோகிணி சொல்லுச்சு. மூத்த மாப்ள இல்லாம என்ன விருந்து? அழகர்கோயில்ல இருந்து செக்கானூரணியவிட ஒத்தக்கடை கிட்டத்தான? அதான் பந்திய இங்கயே போட்டுருவோம்னு வந்துட்டோம்."

வாசற்படி அவனுடையது. மிதித்தவர்கள் அவர்கள். சபதத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, அதுதான் கொடுமை. வீடு தேடி வந்தவர்களை வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னான்.

ஆனால் அசரவில்லை. "இம்புட்டூண்டா?" என்று சனம் கள்ளியைச் சூழ்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றான். "யாரும் இதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது! ஊத்துனா அழுகிரும்!" என்று கத்தினான். தொட்டியைத் தூக்கிப் போய் ஜன்னலில் பத்திரமாக வைத்தான். ஹாலில் இலை விரித்தார்கள். அழகுபாண்டி மடமடவென்று வேட்டிக்கு மாறி வந்து, ஃபேனுக்கு நேர் கீழே முதல் இலையில் சம்மணம் போட்டான். எவன் எழுப்புகிறான் என்று பார்த்துவிடுவது.

ரோகிணி வந்து அவன் காதருகே குனிந்தாள்.

"என்ன செய்யுறீங்க?"

"மொதப் பந்தி. மூத்த மாப்ள!"

"செக்கானூரணியிலதாங்க நீங்க மாப்ள. இங்க வீட்டுக்காரர். வந்த சனம் பசியோட நிக்கயில வீட்டுக்காரர் மொத எலையில உக்காருவாரா? கிடா விருந்துல நடந்தத அப்பாகிட்டச் சொல்லிச் சண்ட போட்டு, இந்தத் தடவ அங்க ஒங்களுக்குத்தான் மொத எலையும் நல்லியும்னு பேசி வச்சிருந்தேன். நீங்கதான் நகர மாட்டேன்னுட்டீங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை அவன் கையில் கொடுத்தாள். அவன் எழுந்த இடத்தில் சிவக்குமார் நகர்ந்து வந்து சாவகாசமாக உட்கார்ந்தான். நல்லி எலும்பு வந்தது. ஃபேன் நன்றாகச் சுற்றியது.

அழகுபாண்டி குனிந்தான். சிவக்குமார் டம்ளரை நீட்டினான்.

"யோசிக்காம நெறைய ஊத்துங்க சகல, நான் ஒண்ணும் அழுகிப் போயிர மாட்டேன்."