மாடிப்படிக் குழியில் ஓர் எலுமிச்சம்பழம்

ஞானஒளிவுபுரம்,
மதுரை.
6.3.1984

ஆண்டவரில் அன்புள்ள மகன் மைக்கேல்ராஜுக்கு, பெரியம்மா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை பிலோமினாளும் நலம். இருவர் நலத்தையும் ஒரே வரியில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். அதற்குக் காரணம் நீயும் உன் வெற்றிடமும்தான்.

கிறிஸ்துமஸுக்கு நீ பம்பாயிலிருந்து வந்திருந்தபோது, உன் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுப்படியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து மாடிப்படியின் தேய்ந்த குழியில் வைத்தாய். "பெரியம்மா, இந்தப் பழம் இதுதான் தரைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நிஜத் தரை கீழ இருக்கு. ஒண்ணுமே இல்லாத வெட்டவெளியும் இப்படி ஒரு பொய்த் தரையில நிக்கலாம்" என்றாய். எங்கோ ஒரு மூலையில் ஒரு சிறு குமிழி நிஜத் தரைக்கு நழுவினால் போதும், அது ஒளியின் வேகத்தில் பரவி மதுரை, பம்பாய், சூரியன் அத்தனையையும் அழித்துவிடும், விழுந்தது திரும்ப மேலே ஏறவே ஏறாது என்று சொல்லிப் பழத்தைத் தட்டிவிட்டாய். அது உருண்டுபோய் உன் அத்தையின் காலடியில் நின்றது. "எம்புட்டு நேரத்துக்கு முந்தித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரியவே தெரியாது. அது வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வரும்போது அதுவும் வந்துரும்" என்று சிரித்துவிட்டு ரயிலேறப் போய்விட்டாய்.

உலகம் அழிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முன்னறிவிப்பில்லாமல் அழிவதில்தான் ஆட்சேபணை. சாகும் நேரத்தில், பாவங்களுக்கு மனம் வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் மதர் எங்களுக்குக் கற்பித்தார். நான் நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறவள். உன் குமிழி முதல் வார்த்தையிலேயே முடித்துவிடும். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "அப்ப எந்நேரமும் தயாரா இருங்கம்மா. யாரோடயும் பகை வச்சுக்காதீங்க" என்றார். யாரோடு என்பது அவருக்குத் தெரியும்.

உன் பெரியப்பாவின் முப்பதாம் நாள் சாப்பாட்டில், பந்தி முழுக்கக் கேட்க, "எங்க அண்ணன் எலும்பும் தோலுமாப் போனாரு. பார்த்துப் போடத்தான் ஆளில்ல" என்று சொன்னவள் உன் அத்தை. அன்று முதல் ஒரே வீடு, ஒரே அடுப்படி, இரண்டு ஸ்டவ், நடுவில் வேலைக்கு வரும் ஒச்சாயி. "ஒச்சாயி, என் துண்டு மேல யாரோட சேலையோ காயுதுன்னு சொல்லு." "ஒச்சாயி, கொடி எங்க அப்பா கட்டுனதுன்னு சொல்லு." இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்போம். ஒச்சாயி எதையும் திருப்பிச் சொன்னதில்லை. "கேட்டுச்சுல்ல" என்பாள், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் ஆடாமல் அசையாமல் நின்ற ஏற்பாடு அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னல் முழுக்க வெள்ளையாக ஒரு வெளிச்சம், கூடவே வீடே அதிர ஒரு சத்தம், மின்விசிறி நின்றுவிட்டது. சரி, வந்துவிட்டது என்று மந்திரத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை "பிலோமினா". அவள் தன் அறையிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எங்க அண்ணன் சின்னதுல இருந்தே நோஞ்சான் மதினி. நீங்க நல்லாத்தான் போட்டீங்க. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

"இத இம்புட்டு வருஷம் கழிச்சா சொல்றது?"

"நீங்கதான் பேசலையே."

ஒச்சாயி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "முக்குல டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சும்மா. கரண்டு நாளைக்குத்தானாம்" என்றாள். பிறகு எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே எனக்குப் பாதி வேலைதான்" என்றாள்.

சத்தம் காதில் விழுந்ததுமே அது உன் குமிழி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குமிழியாக இருந்தால் சத்தம் கேட்க ஆளிருக்காது. தெரியத்தான் செய்தது, ஆனால் அதற்குள் பெயரைக் கூப்பிட்டாயிற்று.

மறுநாள் உன் கடிதம் வந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள், மனிதன் கட்டும் எந்த எந்திரத்தையும்விடப் பலமாகக் காலங்காலமாக மோதிக்கொண்டிருக்கின்றன, அதற்கெல்லாம் விழாத வெற்றிடம் நாம் தட்டியா விழப்போகிறது என்று இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்களாம், பயப்பட வேண்டாமாம். படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்தக் கடிதம் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் நான் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டேன். தாமதித்த தபால்காரருக்கு ஆண்டவர் நல்ல சுகம் கொடுக்கட்டும். இப்போது ஒரு ஸ்டவ்தான் எரிகிறது. உன் அத்தை வைக்கும் மீன்குழம்பு, உண்மையைச் சொல்ல வேண்டுமே, நன்றாகவே இருக்கிறது.

நாளை சாம்பல் புதன். ஒருசந்தி விரதம் தவறாமல் இரு. அதற்காக மெலிந்து போகாதே, பழி எனக்கு வரும். தேவமாதா உன்னையும் உன் வெற்றிடத்தையும் விழாமல் தாங்குவாளாக.

அன்புடன்,
பெரியம்மா எமிலியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அத்தை படிக்கக் கேட்டாள், கொடுத்தேன். முதலில் கூப்பிட்டது தான்தானாம். அவள் "மதினி" என்ற பிறகுதான் நான் வாயைத் திறந்தேனாம். நான் பொய் எழுதுகிறவள் அல்ல, அதைச் சொல்லியும்விட்டேன். சற்று முன் அடுப்படியிலிருந்து, பழையபடி, "ஒச்சாயி, நாலு மணிக்குத் தபால் எடுத்துருவாங்கன்னு சொல்லு. தட்டுல மீன் வச்சிருக்கு, ஆறிப்போகுதுன்னும் சொல்லு" என்று குரல் வந்தது. விழுந்தது திரும்ப மேலே ஏறாது என்றாயே, அந்தக் கணக்கை இன்னொரு தரம் சரிபார்.