பத்தொன்பது அண்ணன்மார் எழுந்து போன படம்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய லெசியேலி அக்காவுக்கு,

ஆக்லாந்து மாங்கெரேயிலிருந்து தம்பி சித்திவேனி தலை தாழ்த்தி எழுதுவது. வவாவுத் தீவில் நீங்களும் பன்றிகளும் சர்ச்சும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலையும் மகன் செமிசியின் காரையும் தவிர. லவீனியாவும் சுகம்தான் என்று கேள்வி. சொந்த மகளைப் பற்றிக் கேள்வி என்று எழுத வேண்டியிருக்கிறது, பாருங்கள். பதினாலு வயது வரை நீங்கள் வளர்த்து என்னிடம் அனுப்பிவைத்த பெண், பதினெட்டு வயதில் என் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது.

அவளை வைத்து ஒரு வெள்ளைக்காரி படம் எடுத்திருக்கிறாள். தீவிலிருந்து வந்து இறங்கிய பெண் இந்த ஊரில் வளர்ந்து ஆளாகிற கதை. நடித்தது இவள், கதையில் பாதியும் இவளுடையதாம். தன் அம்மாவிடம் சொல்லியனுப்பினாள்: "அப்பா வந்து முழுசா பாக்கட்டும். பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசட்டும். அப்புறம் வீட்டுக்கு வரேன்." இவ்வளவுதானே அக்கா? உட்கார்ந்தால் போதும். உட்காருவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

ஆனால் நான் குறை வைத்தேன் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிடக் கூடாதே என்று சொந்தபந்தம் ஐம்பது பேரைத் திரட்டி, எல்லோரும் விசேஷத்துக்குக் கட்டுகிற இடுப்புப் பாயைக் கட்டி, முழுசாகச் சுட்ட பன்றி ஒன்றையும் தூக்கிக்கொண்டு மத்தியானக் காட்சிக்குப் போனோம். டிக்கெட் கொடுக்கிறவள் பன்றியைப் பார்த்து அரண்டுபோய், "சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாது சார்" என்றாள். "இது சாப்பாடு இல்லம்மா, மரியாதை" என்றேன். மரியாதையை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

உள்ளே உட்கார்ந்து மூச்சு விடவில்லை, கதவைத் திறந்துகொண்டு லவீனியா வருகிறாள்! திரையில் வருவாள் என்று தெரியும், தியேட்டருக்குள்ளும் வந்து உட்காருவாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? செமிசி விருட்டென்று எழுந்தான். அவன் பின்னாலேயே பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, வரிசையாக வெளியே போனார்கள். வெள்ளைக்காரி ஓடி வந்தாள். "ஏன் சார் எல்லாரும் போறாங்க? என் படத்து மேல கோபமா?"

"கோபம் இல்லம்மா. தங்கச்சி இருக்கிற இடத்துல அண்ணன்மார் உக்காந்து படம் பாக்க மாட்டாங்க. இதுவும் மரியாதைதான்."

"உங்க மரியாதைய எல்லாம் வெளிய போய்த்தான் பாக்கணும் போலிருக்கு" என்றாள் அவள். வாய் நீளம்.

பெற்றவன் உட்காரத் தடையில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது பேர் பசியோடு வெளியே நிற்க, நான் மட்டும் மெத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? எழுந்தேன். லவீனியா திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களுமா?"

"பன்றிய வெட்டிக் குடுத்துட்டு வந்துடறேம்மா."

வெட்ட நேரமாகிவிட்டது. நடுவில் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. டிக்கெட்காரியிடம் போய், "கரண்ட் போச்சாம்மா?" என்று கேட்டேன். "படம் ஓடிட்டுத்தான் சார் இருக்கு. அமைதியான படம்" என்றாள். அரைமணி கழித்து மறுபடி போய், "இன்னுமா யாரும் வாயத் திறக்கல?" என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட பேச வீட்டுல யாரும் இல்ல சார். அதானே கதையே" என்று சொல்லிவிட்டு மேசையில் வழிந்த கொழுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். படம் முடிந்து லவீனியா வெளியே வந்தபோது பத்தொன்பது பேரும் முறைப்படி முதுகைக் காட்டி நின்றார்கள். என் வாய் நிறைய இறைச்சி. அவள் வெள்ளைக்காரியின் காரில் ஏறிப் போய்விட்டாள். என் மனைவி லொசலீன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஆகவே அக்கா, அத்தையின் மனம் நொந்தால் உருப்பட முடியாது என்பது அவளுக்கும் தெரியும். "உடனே அப்பா வீட்டுக்குப் போ" என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். பெற்றவன் மேல் தப்பில்லை என்பதையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கால்வலி நீங்கவும், உங்கள் கிழங்குத் தோட்டம் செழிக்கவும் ஜெபிக்கும்,
தம்பி சித்திவேனி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். தபால் தலை ஒட்டப் போனவன், இன்று தனியாகப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் ஒரு அப்பன், பஸ் நிறுத்தத்தில் எவனோடோ பேசினாள் என்று மகளின் கழுத்தைப் பிடித்துக் கத்தரியால் முடியை அறுக்கிறான். அவள் அழவில்லை. விழுந்த முடியைப் பெருக்கி அள்ளிவிட்டு, அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறாள். அப்படியேதான் நடந்தது அக்கா. போன வருஷம் அவள் முடி என்னாச்சு என்று நீங்கள் போனில் கேட்டபோது அவளே வெட்டிக்கொண்டாள் என்றேன், அது பொய். அது படத்தில் வரும் என்று பயந்துதான் அன்றைக்கு நான் எழுந்தேன். அவளுக்கு உத்தரவு போட வேண்டாம். எனக்குப் போடுங்கள். போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேள் என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னால் நான் தட்ட மாட்டேன். நானாகப் போக எனக்குத் தைரியமில்லை.